ஆபீஸ் அட்டெண்டன்ஸ் குறைந்தால் என்ன ஆகும்? வேரியபிள் பே கட் முதல் வேலைநீக்கம் வரை... முழு விளக்கம்

டாஸ்க் எல்லாம் முடிந்துவிட்டது. கிளையன்ட் தரப்பில் புகார் இல்லை. மேனேஜரும் ஹேப்பி. ஆனால், ஹெச்.ஆர் போர்ட்டலைத் திறந்தால் 'ஆபீஸ் அட்டெண்டன்ஸ் 59%' என்று காட்டுகிறது. "வேலையைத்தான் முடிச்சாச்சே, இதனால என்ன ஆகிடப் போகுது?" என்று கேட்பவர்களுக்கு, கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஐ.டி நிறுவனங்கள் தெளிவாகவே பதில் சொல்லிவிட்டன. சம்பளம் குறையலாம், லீவ் கழியலாம், புரமோஷன் தள்ளிப்போகலாம். கடைசிக் கட்டத்தில் வேலையே போகலாம்.

ஆனால், இவை எல்லாம் ஒரே நாளில் நடப்பதில்லை. படிப்படியாகத்தான் வரும். எந்தப் படியில் என்ன நடக்கும், சட்டம் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிரிக்கும்? பார்ப்போம்.

எந்த நிறுவனத்தில் என்ன விதி?

கொரோனா காலத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஐ.டி ஊழியர்களை 2022-லேயே நிறுவனங்கள் திரும்ப அழைக்க ஆரம்பித்துவிட்டன. முதலில் "வந்தால் நல்லது" என்ற தொனியில்தான் மெயில்கள் வந்தன. 2023-ன் இறுதியில் தொனி மாறியது.

- டி.சி.எஸ்: வாரத்துக்கு 5 நாளும் ஆபீஸ். காலாண்டு வேரியபிள் பே-யை அட்டெண்டன்ஸோடு இணைத்திருப்பதாக 2024 ஏப்ரலில் செய்திகள் வெளியாகின.

- விப்ரோ: 2023 நவம்பர் 15 முதல் வாரத்துக்கு 3 நாள் கட்டாயம். தொடர்ந்து வராதவர்கள் 2024 ஜனவரி 7 முதல் விளைவுகளைச் சந்திக்க நேரிடும் என்றும் எச்சரிக்கப்பட்டது.

- இன்ஃபோசிஸ்: குறிப்பிட்ட நிலை வரையிலான ஊழியர்கள் மாதம் 10 நாள் ஆபீஸ் வர வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களுக்கு சிஸ்டமே வரம்பு வைக்கும் முறை 2025 மார்ச்சில் வந்தது.

- ஹெச்.சி.எல் டெக்: நிர்ணயித்த நாட்கள் வராவிட்டால் அந்தக் குறைவு லீவ் கணக்கில் கழியும் என்று 2024-ல் செய்திகள் வந்தன.

- காக்னிசன்ட்: ஆபீஸ் திரும்ப மறுப்பது வேலைநீக்கம் வரை போகலாம் என ஊழியர்களுக்குக் கடிதம் அனுப்பியதாக 2024 மே மாதம் செய்தி வெளியானது.

விதிகள் வேறு வேறாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். நீங்கள் வேலை செய்தீர்களா என்பது ஒரு கணக்கு. எங்கே உட்கார்ந்து செய்தீர்கள் என்பது தனிக் கணக்கு. இரண்டாவது கணக்கை எழுதுவது உங்கள் மேனேஜர் அல்ல, கேட்டில் இருக்கும் ஸ்வைப் மெஷின்.

முதல் படி: வேரியபிள் பே

பெரும்பாலானவர்கள் முதலில் அடிவாங்குவது இங்கேதான். டி.சி.எஸ் விஷயத்தில் வெளியான விகிதங்கள் இவை: 60%-க்குக் கீழே அட்டெண்டன்ஸ் இருந்தால் அந்தக் காலாண்டின் வேரியபிள் பே கிடையாது. 60 முதல் 75% வரை என்றால் பாதி. 75 முதல் 85% வரை என்றால் முக்கால் பங்கு. 85%-க்கு மேல் இருந்தால்தான் முழுத் தொகைக்கும் தகுதி.

கேட்க எளிமையாக இருக்கும். நாள் கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒரு காலாண்டில் 61 வேலை நாட்கள், வேரியபிள் பே 30,000 ரூபாய் என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம்.

- 52 நாள் அல்லது அதற்கு மேல் வந்தால்: 30,000 ரூபாய்
- 46 முதல் 51 நாள்: 22,500 ரூபாய்
- 37 முதல் 45 நாள்: 15,000 ரூபாய்
- 36 நாள் அல்லது அதற்குக் கீழே: பூஜ்ஜியம்

37 நாள் வந்தவருக்கு 15,000 ரூபாய். 36 நாள் வந்தவருக்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு நாளின் விலை 15,000 ரூபாய்! அந்த ஒரு நாள், ஐ.டி கார்டை மறந்துவிட்டு விசிட்டர் பாஸில் உள்ளே போன நாளாகக்கூட இருக்கலாம். காலாண்டு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது சிலர் திடீரென்று தினமும் ஆபீஸ் வருவதன் ரகசியம் இதுதான்.

இங்கே சட்டம் உதவுமா? கஷ்டம்தான். வேரியபிள் பே என்பது பெரும்பாலான ஆஃபர் லெட்டர்களில் 'நிறுவனத்தின் கொள்கைக்கு உட்பட்டது' என்ற வரியோடுதான் வரும். கொள்கையில் அட்டெண்டன்ஸ் ஒரு நிபந்தனையாகச் சேர்ந்துவிட்டால், "என் உரிமையைப் பறிச்சுட்டாங்க" என்று வாதாடுவது எளிதல்ல.

இரண்டாவது படி: லீவும் சம்பளமும்

அட்டெண்டன்ஸ் குறைந்த நாட்களை லீவாக மாற்றுவது அடுத்த கட்டம். லீவ் தீர்ந்துவிட்டால் 'லாஸ் ஆஃப் பே'. அதாவது, அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை.

இந்தப் படியில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. வேரியபிள் பே கூடுதல் பணம். ஆனால் லாஸ் ஆஃப் பே என்பது கை வைப்பது மாதச் சம்பளத்தில். வேலைக்கே வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதற்கும் அளவு உண்டு: எவ்வளவு நேரம் வரவில்லையோ, பொதுவாக அந்த விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. பழைய ஊதியப் பட்டுவாடா சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது.

கேள்வி என்னவென்றால், வீட்டில் லாக்-இன் செய்து எட்டு மணி நேரம் வேலை பார்த்தவரை 'வேலைக்கு வராதவர்' என்று சொல்ல முடியுமா? ஊழியர் தரப்பில் வலுவான வாதம் இது. லாக்-இன் விவரம், அனுப்பிய மெயில்கள், கிளையன்ட் மீட்டிங் பதிவு, டைம்ஷீட் எல்லாம் அவர் வேலை செய்ததைக் காட்டும். நிறுவனத் தரப்பிலும் பதில் இருக்கிறது: "எங்கே வேலை செய்ய வேண்டும் என்று சொன்னோமோ, அங்கே செய்யவில்லை." வேலையிடத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் பொதுவாக நிறுவனத்திடம்தான் இருக்கிறது என்பதால், இந்தப் பதிலையும் லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால், இரண்டும் ஒன்றல்ல. சொன்ன இடத்தில் வேலை செய்யாதது கொள்கை மீறலாக இருக்கலாம். அதுவே வேலை செய்யாத நாளாகிவிடாது. டைம்ஷீட்டை அப்ரூவ் செய்து, அந்த மணி நேரத்துக்குக் கிளையன்ட்டிடம் பில் போட்ட பிறகு, அதே நாளை ஊழியரின் லீவில் கழிப்பது நியாயமா என்று கேட்க ஊழியருக்கு இடமிருக்கிறது.

மூன்றாவது படி: சத்தமில்லாத இழப்பு

வேரியபிள் பே கட் ஆனால் பே-ஸ்லிப்பில் தெரியும். லீவ் கழிந்தால் போர்ட்டலில் தெரியும். ஆனால், ரேட்டிங் ஒரு படி குறைந்ததற்கும் ஆன்சைட் வாய்ப்பு வேறொருவருக்குப் போனதற்கும் காரணம் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது.

வெளிநாட்டு நிறுவனங்கள் சில இதை வெளிப்படையாகவே செய்தன. கூகுள் 2023-ல் ஆபீஸ் வருகையைப் பெர்ஃபார்மன்ஸ் ரிவ்யூவில் கணக்கில் எடுக்க ஆரம்பித்தது. முழுநேர ரிமோட் ஊழியர்களுக்குப் புரமோஷன் கிடையாது என்று டெல் முடிவெடுத்ததாக 2024-ல் செய்தி வந்தது. அமேசான் 2025 ஜனவரி 2 முதல் வாரம் 5 நாள் ஆபீஸ் என்ற நிலைக்குப் போனது. காலையில் ஸ்வைப் செய்து, ஒரு காபி குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் பழக்கத்துக்கு 'காபி பேட்ஜிங்' என்று பெயரே வந்துவிட்டது. அதைத் தடுக்க, எத்தனை மணி நேரம் உள்ளே இருந்தார்கள் என்பதையும் கணக்கெடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன.

இந்தச் சத்தமில்லாத இழப்பு எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. சோழிங்கநல்லூரில் பி.ஜி-யில் தங்கியிருக்கும் 24 வயது இளைஞருக்கு ஆபீஸ் பத்து நிமிடம். கைக்குழந்தை உள்ள பெண் அம்பத்தூரிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் போய்வர வேண்டுமென்றால், மெட்ரோ பணிகளால் குறுகிப்போன ஓ.எம்.ஆரில் நாளின் பெரும்பகுதி கரைந்துவிடும். 2020-ல் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ திரும்பிப் போய், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவருக்கு 'வாரம் 3 நாள்' என்பதும் 'வாரம் 5 நாள்' என்பதும் ஒன்றுதான். சென்னையில் வாடகைக்கு வீடு எடுத்தே ஆக வேண்டும். ஒரே விதிதான், ஆனால் அதற்காகக் கொடுக்கும் விலை ஆளுக்கு ஆள் மாறுகிறது.

நான்காவது படி: வார்னிங் மெயில், வேலைநீக்கம்

அட்டெண்டன்ஸ் குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காக மறுநாளே யாரையும் அனுப்பிவிட முடியாது. அதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ன் 41-வது பிரிவின்படி, தொடர்ந்து 6 மாதமாவது பணியாற்றிய ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. ஒரு மாத நோட்டீஸோ, அதற்குப் பதில் சம்பளமோ தர வேண்டும். 'ஒழுங்கீனம்' என்று சொல்லி நோட்டீஸே இல்லாமல் நீக்க வேண்டுமென்றால், விசாரணை நடத்தி ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். நீக்கத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

இன்னொரு விஷயம். தொழிற்சாலைகளுக்கான மாதிரி நிலையாணைகளில் 'அனுமதி இல்லாமல் 10 நாட்களுக்கு மேல் வராமல் இருப்பது' ஒழுங்கீனம் என்று நீண்ட காலமாகவே இருக்கிறது. ஐ.டி நிறுவனங்களின் ஹெச்.ஆர் கொள்கைகளிலும் இதே சாயலில் விதிகளைப் பார்க்கலாம். அதனால்தான், கோபத்தில் சிலர் எடுக்கும் "மெயிலுக்குப் பதிலே போட மாட்டேன், என்ன செய்றாங்கன்னு பார்ப்போம்" என்ற முடிவு மிக ஆபத்தானது. பதில் இல்லை என்றால், வீட்டிலிருந்து வேலை பார்த்த ஊழியரையே 'வேலையைக் கைவிட்டவர்' என்று பதிவு செய்துவிட வாய்ப்புண்டு. அப்படிப் பதிவானால் ரிலீவிங் லெட்டர் சிக்கலாகும். அடுத்த கம்பெனியின் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனிலும் அது வந்து நிற்கும்.

'வொர்க் ஃப்ரம் ஹோம்' உரிமையா, சலுகையா?

இந்தியாவில் இது பொதுவான உரிமை இல்லை. சேவைத் துறைக்காக மத்திய அரசு 2020 டிசம்பர் இறுதியில் வெளியிட்ட வரைவு மாதிரி நிலையாணையிலும், நிறுவனம் வீட்டிலிருந்து வேலை செய்ய 'அனுமதிக்கலாம்' என்றுதான் இருந்தது. 'அனுமதிக்க வேண்டும்' என்று இல்லை.

சில விதிவிலக்குகள் இருக்கின்றன.

பிரசவத்துக்குப் பிறகு: 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டத்தில் இருந்து, இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடரும் விதியின்படி, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், மகப்பேறு விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றி இரு தரப்பும் பேசி முடிவு செய்யலாம். கட்டாயம் இல்லை என்றாலும், கேட்பதற்குச் சட்டத்திலேயே ஒரு பிடி இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள்: 2016-ம் ஆண்டு சட்டம் 'நியாயமான வசதி' செய்து தருவதைப் பற்றிப் பேசுகிறது. தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும். அட்டெண்டன்ஸ் விலக்கு கேட்கும்போது இதைக் குறிப்பிடலாம்.

ஆஃபர் லெட்டரில் 'ரிமோட்' என்று இருந்தால்: இது மற்றவர்களைவிட வலுவான நிலை. ஆனால், அதே லெட்டரில் 'நிறுவனம் எந்த இடத்துக்கும் மாற்றலாம்' என்ற வரியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இருக்கும்!

தனியாகப் போராடத் தயங்குபவர்களுக்கு ஒரு தகவல்: ஐ.டி ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

நிறுவனங்கள் சொல்லும் காரணம் சரியா?

முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது. கல்லூரி முடித்து வந்த ஃப்ரெஷர், பக்கத்து சீட் சீனியரைப் பார்த்துக் கற்றுக்கொள்வதை வீடியோ கால் ஈடுகட்டாது. வங்கி, மருத்துவத் துறை கிளையன்ட்கள் டேட்டா பாதுகாப்புக்காக ஆபீஸையே விரும்புவதும் உண்டு. கோடிகளைக் கொட்டிக் கட்டிய கேம்பஸ்கள் காலியாகக் கிடப்பதும் ஒரு காரணம்.

ஆனால், 'ஆபீஸ் வந்தால்தான் வேலை நடக்கும்' என்பதற்கு ஆய்வுகள் அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் புளூம் குழுவினர், சீனாவின் ட்ரிப் டாட் காம் நிறுவனத்தில் 1,612 பேரிடம் நடத்திய ஆய்வு 2024-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. வாரத்தில் 2 நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் ரேட்டிங்கோ புரமோஷனோ பாதிக்கப்படவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கவனிக்க: இது ஹைபிரிட் முறை பற்றிய முடிவு. முழு ரிமோட் முறைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. ஆட்களைக் குறைக்க விரும்பும் நிறுவனங்கள், 'லே-ஆஃப்' என்ற பெயர் வராமல் இருக்க அட்டெண்டன்ஸைப் பயன்படுத்துகின்றனவா? அமெரிக்காவில் பேம்பூ ஹெச்.ஆர் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட சர்வேயில், ஆபீஸ் திரும்பும் உத்தரவால் சிலர் தாங்களாகவே விலகுவார்கள் என எதிர்பார்த்ததாக உயரதிகாரிகளில் நான்கில் ஒருவர் ஒப்புக்கொண்டார். எல்லா நிறுவனத்துக்கும் இது பொருந்தாது. ஆனாலும், ஊழியர்களின் சந்தேகம் வெறும் கற்பனை இல்லை என்பதை இது காட்டுகிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் இருக்கிறது: ஊழியரை ஆபீஸுக்கு வரவைப்பதற்குப் பதில், ஆபீஸை ஊழியரின் ஊர்ப் பக்கம் கொண்டுபோவது. ஸோஹோ நிறுவனம் 2011-லேயே தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியது. மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலியில் எல்காட் ஐ.டி பூங்காக்கள் இருக்கின்றன. விழுப்புரம், தஞ்சாவூரில் மினி டைடல் பார்க்குகள் 2024-ல் திறக்கப்பட்டன. ஆனால், பெரிய நிறுவனங்களின் அட்டெண்டன்ஸ் விதியில், அவரவர் 'பேஸ் லொகேஷன்' எது என்பதே முக்கியம். சென்னை பிராஜெக்ட்டில் இருப்பவர் மதுரை கிளையில் ஸ்வைப் செய்தால் கணக்கில் வருமா என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது என்ன செய்யலாம்?

1. சதவீதமாகப் பார்க்காதீர்கள், நாளாகப் பாருங்கள். உங்கள் காலாண்டில் எத்தனை வேலை நாள், லீவும் பொதுவிடுமுறையும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன, எத்தனை நாள் வந்தால் எந்தப் படி என்பதை முதல் வாரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஸ்வைப் பதிவை வாரம் ஒருமுறை சரிபாருங்கள். பதிவாகாத நாளைச் சரிசெய்ய பெரும்பாலான போர்ட்டல்களில் கெடு உண்டு. மூன்று மாதம் கழித்து "அன்னைக்கு வந்தேனே" என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

3. விதிவிலக்கு நாட்களைக் கேட்டு வாங்குங்கள். டி.சி.எஸ்ஸில் தனிப்பட்ட அவசரத் தேவைக்கு ஒரு காலாண்டில் 6 நாள் வரை விலக்கு கோரலாம் என 2025-ல் செய்தி வந்தது. உங்கள் நிறுவனத்திலும் இதுபோல ஏதாவது இருக்கலாம். பலர் அது இருப்பதே தெரியாமல் இழக்கிறார்கள்.

4. வாய்வார்த்தை போதாது. "நான் பார்த்துக்குறேன், நீ வீட்ல இருந்தே பண்ணு" என்று மேனேஜர் சொன்னால் சந்தோஷம். அன்றே, "நாம் பேசியபடி இந்த வாரம் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன்" என்று ஒரு வரி மெயில் போட்டுவிடுங்கள். மேனேஜர் மாறலாம், பிராஜெக்ட் மாறலாம். மெயில் மாறாது.

5. வார்னிங் வந்தால் கண்டிப்பாகப் பதில் எழுதுங்கள். கோபம் வேண்டாம். எந்த நாட்கள், என்ன காரணம், அன்று செய்த வேலை என்ன, எப்போதிலிருந்து வர முடியும் என்று சுருக்கமாக எழுதினால் போதும். கம்பெனியின் ரகசிய ஆவணங்களைத் தனிப்பட்ட மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அது தனிக் குற்றச்சாட்டாகிவிடும். உங்களுக்கு வந்த கடிதங்கள், பே-ஸ்லிப், அட்டெண்டன்ஸ் அறிக்கை போன்ற சொந்த ஆவணங்களின் பிரதி கையில் இருக்கட்டும்.

6. ராஜினாமா கடிதத்தை அவசரத்தில் அனுப்பாதீர்கள். "நீங்களே பேப்பர் போட்டுட்டா ரெக்கார்டு கிளீனா இருக்கும்" என்று ஹெச்.ஆர் சொல்லலாம். தானாக விலகியவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் சட்டப் பாதுகாப்பு ஒன்றல்ல. 41-வது பிரிவு நீக்கப்பட்டவருக்குத்தான் பேசும். தொழிலாளர் நல அலுவலரிடமோ ஒரு வழக்கறிஞரிடமோ ஒருமுறை பேசிவிட்டு முடிவெடுங்கள்.

விதி பிடிக்காவிட்டால் எதிர்த்துக் கேட்கலாம், வேறு வேலை தேடலாம், யூனியனில் சேரலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும், காலாண்டின் கடைசி வாரத்தில் யோசிக்க ஆரம்பித்தால் கையில் எதுவும் இருக்காது. இந்த மாத ஸ்வைப் கணக்கை இன்றைக்கே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.